கரடி, பூனை, நாய்: உணர்ச்சி முதலில் உடம்பிலா, மூளையிலா?

வாசகர் கேள்வி, ஜனவரி 12

பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு. உடம்பு மாறுவதை உணர்வதுதான் உணர்ச்சி என்ற ஜேம்ஸ்–லாங்கே கோட்பாட்டை 1927-லேயே உடலியலாளர் வால்டர் கேனன் ஐந்து காரணம் சொல்லி முடித்துவிட்டார் என்று வகுப்பில் சொன்னார்கள். செத்துப்போன கோட்பாட்டை எதற்கு இன்னும் பாடத்தில் வைத்திருக்கிறார்கள்? உணர்ச்சி மூளையில்தான் இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாமே?

ஜனவரி 12, இரவு

சாகவில்லை. கேனன் அடித்தது பாதி லாங்கேவை, பாதி ஜேம்ஸை. அடி வாங்கியவர் யார் என்று பார்க்காமலேயே இரண்டு பேருக்கும் சேர்த்து இறப்புச் சான்றிதழ் எழுதிவிட்டார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். வேலை முழுக்க முதுகுத்தண்டு அடிபட்டவர்களோடு. இந்தச் சண்டை எனக்குப் புத்தகச் சண்டை இல்லை. காரணம் பிறகு சொல்கிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

ஜனவரி 13

முதலில் ஜேம்ஸ் சொன்னது என்ன? 1884-ல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு கட்டுரை எழுதுகிறார். கரடியைப் பார்க்கிறோம், பயப்படுகிறோம், அதனால் ஓடுகிறோம் என்று எல்லோரும் நினைக்கிறோம். வரிசை அப்படி இல்லை என்கிறார். பார்த்ததும் உடம்பு மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தை நாம் உணர்வதுதான் பயம். அழுவதால்தான் துக்கம், அடிப்பதால்தான் கோபம். படபடப்பு, மூச்சு முட்டல், கால் நடுக்கம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுப் பயத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள் என்பார். எனக்கு அவர் எழுத்தில் பிடித்த இடமே அதுதான்.

மறு வருஷம், 1885-ல், கோபன்ஹேகனில் கார்ல் லாங்கே என்ற மருத்துவர் தனியாக இதே திசையில் எழுதுகிறார். ஆனால் அவருக்கு ரத்தக் குழாய்தான் எல்லாம். குழாய் சுருங்கினால் ஒன்று, விரிந்தால் வேறொன்று. ஜேம்ஸ் அப்படிச் சுருக்கவில்லை. தசை, முகம், மூச்சு, உள்ளுறுப்பு, எல்லாம் அவர் கணக்கில் உண்டு. இந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கே இதில்தான் நிற்கிறது.

ஜனவரி 13, மாலை

"அப்படியென்றால் மிருகக்காட்சிச் சாலையில் கரடியைப் பார்த்து ஏன் ஓடுவதில்லை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, 130 வருஷப் பழைய கேள்வியும்கூட. 1894-ல் ஜேம்ஸ் பதில் எழுதினார்: உடம்பைக் கிளப்புவது கரடி என்ற ஒரு பொருள் இல்லை, மொத்தச் சூழ்நிலை. கம்பிக்கு அந்தப் பக்கம் கரடி என்பது வேறு சூழ்நிலை.

சமாளிப்பு மாதிரித்தான் இருக்கிறது. சூழ்நிலையை எடைபோட்டுப் பார்ப்பது யார்? மூளைதானே? மூளை முதலில் ஏதோ முடிவு செய்த பிறகுதானே உடம்பு மாறுகிறது? இந்த இடத்தில் ஜேம்ஸ் கொஞ்சம் வழுக்குகிறார் என்பது என் அபிப்பிராயம். பாடப்புத்தகம் இதைத் தொடுவதே இல்லை.

ஜனவரி 15

கேனனைப் பற்றி ஒரு தமாஷ். அவர் ஹார்வர்டில் ஜேம்ஸிடமே படித்தவர். தத்துவம் படிக்கப் போகிறேன் என்று ஜேம்ஸிடம் சொன்னபோது, வேண்டாம், வயிற்றை வெறும் கீழைக்காற்றால் நிரப்பிக்கொள்வாய் என்றாராம் ஜேம்ஸ். அவரும் மருத்துவத்துக்குப் போனார். போய் என்ன செய்தார்? வயிற்றைத்தான் ஆராய்ந்தார்.

எக்ஸ்ரே புதிதாக வந்த சமயம். 1897 வாக்கில் பூனைக்கு பிஸ்மத் கலந்த தீனி கொடுத்து, இரைப்பை அலை அலையாக அசைவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டதும் அலை நின்றுவிட்டது. சமாதானம் ஆனதும் மறுபடி ஓடியது. உணர்ச்சியைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி எல்லாம் இந்த நின்றுபோன வயிற்றிலிருந்து தொடங்கியதுதான். பயம் வந்தால் சாப்பாடு இறங்காது என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும். அதைத் திரையில் பார்த்தவர் இவர்.

ஜனவரி 16

ஐந்து காரணங்களையும் கேட்கிறீர்கள். தேர்வுக்குத்தானே, எழுதிக்கொள்ளுங்கள். உள்ளுறுப்புகளை மூளையிலிருந்து துண்டித்தாலும் உணர்ச்சி நடத்தை மாறுவதில்லை. வெவ்வேறு உணர்ச்சியில் ஒரே மாதிரி உள் மாற்றம்தான் வருகிறது, காய்ச்சலிலும் குளிரிலும்கூட அதே மாற்றம். உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் சேதி சொல்லும் நரம்பு குறைவு. அவை மாற நேரம் பிடிக்கும், உணர்ச்சியோ சட்டென்று வருகிறது. மருந்து கொடுத்து அதே மாற்றங்களை உண்டாக்கினாலும் உணர்ச்சி வருவதில்லை.

ஐந்திலும் "உள்ளுறுப்பு" என்ற ஒன்றுதான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது, பார்த்தீர்களா? லாங்கே அங்கே நிற்கலாம். முகமும் தசையும் மூச்சும் சேர்த்துச் சொன்ன ஜேம்ஸை அங்கே நிறுத்தியது நியாயமில்லை. உள்ளுறுப்பு மந்தம் என்பது சரி. முகம் மந்தமா?

ஜனவரி 18

முதல் காரணத்துக்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

1900-ல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் ஷெரிங்டன் நாய்களின் முதுகுத்தண்டைக் கழுத்துப் பக்கமாக அறுத்துப் பார்த்தார். உடம்பின் பெரும்பகுதியிலிருந்து மூளைக்குச் சேதி போகாது. நாய் அப்போதும் கோபப்பட்டது, குழைந்தது, அருவருத்தது. பழைய பழக்கத்தில் முகம் அப்படிப் போகிறது என்று யாராவது சொல்லக்கூடும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. அதற்காக ஒன்பது வாரக் குட்டி ஒன்றுக்கு நாய் இறைச்சியை வைத்துப் பார்த்தார். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒன்பது வாரத்தில் அந்த அருவருப்பைப் பழகியிருக்க முடியாது என்பது அவர் வாதம்.

பிறகு கேனனும் கூட்டாளிகளும் பூனைகளிடம் சிம்பதெடிக் நரம்புச் சங்கிலியை, அதாவது பயத்திலும் கோபத்திலும் உடம்பை முடுக்கிவிடும் நரம்புகளை, முழுக்க எடுத்துவிட்டார்கள். குரைக்கும் நாயைக் காட்டினால் பூனை சீறும், காதை மடக்கும், பல்லைக் காட்டும், அறைய முன்னங்காலைத் தூக்கும். மயிர் மட்டும் சிலிர்க்காது. உடம்பின் சூறாவளி இல்லாமலேயே கோபம் வருகிறது, ஆகவே ஜேம்ஸ் தோற்றார். இதுதான் தீர்ப்பு.

எனக்கு இந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. ஏன் என்பதைச் சொல்ல இன்னொரு பூனையைக் கூட்டி வர வேண்டும்.

ஜனவரி 18, இரவு 11 மணிக்கு மேல்

அந்த இன்னொரு பூனை.

1892-ல் ஜெர்மன் உடலியலாளர் ஃப்ரீட்ரிஹ் கோல்ட்ஸ், பெருமூளை நீக்கப்பட்ட நாயைப் பற்றி எழுதுகிறார். லேசாகத் தொட்டாலே உறுமிக் கடிக்க வரும். 1925-ல் கேனனும் அவர் கூட்டாளி பிரிட்டனும் பூனையிடம் இதே மாதிரி ஒன்றைப் பார்க்கிறார்கள். வாலை அடிக்கிறது, முதுகை வளைக்கிறது, நகத்தை நீட்டுகிறது, பாதத்தில் வியர்க்கிறது, இதயம் துடிதுடிக்கிறது. ஆனால் யார் மீது கோபம் என்று அதற்குத் தெரியாது. சீண்டலை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் போலிச் சீற்றம். பெருமூளையின் மேலடுக்கான புறணி இல்லாததால் அனுபவிக்க ஆள் இல்லை, வெறும் நடிப்பு என்பது பொருள்.

இப்போது இரண்டு பூனைகளையும் பக்கத்தில் வையுங்கள். சிம்பதெடிக் நரம்பு போன பூனை சீறினால் "பாருங்கள், உணர்ச்சி அப்படியே இருக்கிறது" என்கிறார்கள். புறணி போன பூனை அதைவிட அதிகமாகச் சீறினால் "அது போலி" என்கிறார்கள். சீறுவது உணர்ச்சிக்குச் சாட்சியா, இல்லையா? ஒரு பூனைக்கு ஒரு சட்டம், இன்னொரு பூனைக்கு வேறு சட்டமா?

ஜேம்ஸ் பேசியது உள்ளே என்ன தோன்றுகிறது என்பதைப் பற்றி. ஷெரிங்டனும் கேனனும் அளந்தது வெளியே என்ன தெரிகிறது என்பதை. பூனையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

ஜனவரி 21

கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் உண்டு. என் வார்டில் இருக்கிறார்கள்.

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள், பைக்கில் போய் விழுந்தவர்கள், கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவர்கள். கழுத்தில் முறிந்தால் தோளுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கேனனே 1927-ல் இப்படி ஒருவரைச் சாட்சிக்கு இழுக்கிறார். நியூயார்க் நரம்பியல் மருத்துவர் சார்ல்ஸ் டேனா 1921-ல் எழுதிய நோயாளி. நாற்பது வயதுப் பெண், குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தது, ஏறக்குறைய ஒரு வருஷம் உயிரோடு இருந்தார். துக்கம், மகிழ்ச்சி, எரிச்சல், பாசம் எல்லாம் முன்போலவே இருந்தன என்று டேனா எழுதினார்.

டேனா கட்டிலுக்கு வெளியே நின்று பார்த்தவர். 1966-ல் ஜார்ஜ் ஹோமன் வந்தார். உளவியலாளர், தானே முதுகுத்தண்டு அடிபட்டவர். 25 ஆண்களிடம் உட்கார்ந்து, அடிபடுவதற்கு முன்னால் கோபமும் பயமும் எப்படி இருந்தன, இப்போது எப்படி என்று கேட்டார். அடி எவ்வளவு மேலே பட்டதோ அவ்வளவுக்குக் கோபமும் பயமும் மங்கியிருந்தன. ஒருவர் சொன்னது: கத்துகிறேன், திட்டுகிறேன், அப்படிச் செய்யாவிட்டால் ஏமாற்றுவார்கள் என்பதற்காக. பழைய சூடு அதில் இல்லை, மனசளவில்தான் கோபம்.

இதைப் படித்த அடுத்த வாரம் வார்டில் ஒருவர், வயசில் என்னைவிட மூத்தவர், வீட்டு விஷயமாகத் தம்பியிடம் போனில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கத்தி முடித்ததும் போனை மடியில் போட்டுவிட்டு, சாதாரணமாக, "கையை எப்ப சார் ஆரம்பிக்கலாம்?" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கோபம் போய்விட்டதா அண்ணே என்றேன். "இருக்கு சார். ஆனா நெஞ்சுல உக்காரல" என்றார்.

ஜனவரி 22

ஹோமனை வைத்து ஜேம்ஸுக்கு வெற்றி மாலை போட வேண்டாம். நேற்று எழுதியது அப்படித் தொனிக்கிறது.

ஒன்று, ஹோமனே பார்த்தது: கண் கலங்குவது, தொண்டை அடைப்பது எல்லாம் அவர்களுக்கு அதிகமாகியிருந்தது. அது முகமும் தொண்டையும், முறிவுக்கு மேலே உள்ள இடம், ஆகவே ஜேம்ஸுக்கு நஷ்டமில்லை என்று வாதாடலாம். ஆனால் இரண்டாவது இருக்கிறது. 1988-ல் ச்வாலிஸ், டீனர், கல்லகர் என்ற மூவர் மறுபடி ஆராய்ந்தபோது, அடிபட்டவர்கள் தங்கள் உணர்ச்சி பழையபடியோ, சிலவற்றில் அதைவிடத் தீவிரமாகவோ இருப்பதாகச் சொன்னார்கள். என் வார்டிலும் இரண்டு விதமும் உண்டு. விழுந்து மூன்று மாதம் ஆனவரும் பத்து வருஷம் ஆனவரும் ஒரே மாதிரி பேசுவதில்லை. வாழ்க்கையே தலைகீழான ஒருவரிடம் "முன்பு எப்படி இருந்தது" என்று கேட்டு வாங்கும் பதிலில், நரம்பு எவ்வளவு, விரக்தி எவ்வளவு என்று பிரிப்பது யாரால் முடியும்?

ஜனவரி 22, பிற்பகல்

வேகஸ் நரம்பை மறந்துவிட்டீர்களா என்று ஒரு டாக்டர் கேட்டிருக்கிறார். அடுத்து எழுத வைத்திருந்தேன், முந்திக்கொண்டார். வேகஸ் முதுகுத்தண்டு வழியாகப் போவதில்லை, மண்டையோட்டிலிருந்து நேராகக் கழுத்து வழியாக இறங்கி இதயம், இரைப்பைக்குப் போகிறது. தண்டு முழுதாக அறுந்தாலும் அந்த வழி திறந்திருக்கும். அதன் இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. எனவே "உடம்போடு தொடர்பே இல்லாத நோயாளி" என்பவர் கிடையாது.

ஜனவரி 25

வார்டில் பார்க்கிற இன்னொன்று. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட விசித்திரம்.

நெஞ்சின் ஆறாவது தண்டெலும்புக்கு மேலே அடிபட்டவர்களுக்குச் சிறுநீர் வடிய வைத்திருக்கும் குழாய் அடைத்துக்கொண்டால் உடம்பில் ஒரு புயல் கிளம்பும். அவர்களுக்கு வழக்கமாக பி.பி. குறைவாக இருக்கும், மேல் எண் 90, 100 என்று. அது மளமளவென்று ஏறும். தலை பிளக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்வை, கீழே மயிர்க்கூச்சு. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, இறுக்கிய துணியைத் தளர்த்தி, குழாய் எங்கே மடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பை நிரம்பி வழிந்தாலும் இதுதான், குழாய் படுக்கைக்கு அடியில் நசுங்கினாலும் இதுதான். எடுத்துவிட்டால் நிமிடங்களில் இறங்கும்.

முதல்முறை பார்த்தபோது, கேனன் சொன்னது சரி, பயத்தின் உடம்பு இருக்கிறது, பயம் இல்லை என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் ஜேம்ஸ் சுலபமாகத் தப்பிவிடுவார். புயல் கீழே அடிக்கிறது, தண்டு அறுந்ததால் சேதி மேலே வரவில்லை. வந்தது தலைவலியும் முகச் சூடும்தான். அதற்குத் தகுந்தபடி அவர்களும் சொல்வார்கள்: "பயமெல்லாம் இல்ல சார், ஆனா என்னமோ ஆகப்போற மாதிரி இருக்கு."

அந்த "மாதிரி"யை ஸ்பெயினில் கிரிகோரியோ மரன்யோன் 1924-லேயே கேட்டுவிட்டார். 210 பேருக்கு அட்ரினலின் ஊசி போட்டார். பெரும்பாலானவர்கள் உடம்பில் தெரிந்ததை மட்டும் சொன்னார்கள், அல்லது பயந்தாற்போல் இருக்கிறது, அழப்போவதுபோல் இருக்கிறது என்றார்கள். சிலர் மட்டும் நிஜமாகவே அழுதார்கள். ஊசிக்கு முன்னால் அவர்களிடம் நோயில் கிடக்கும் பிள்ளையைப் பற்றியோ இறந்த பெற்றோரைப் பற்றியோ பேசியிருந்தார் மரன்யோன்.

கேனன் இதை ஐந்தாவது காரணமாக எடுத்துக்கொண்டார். எனக்கு அது அவருக்கு எதிரான சாட்சியாகவும் படுகிறது. பேச்சு மட்டும் அழ வைக்கவில்லை, ஊசி மட்டும் அழ வைக்கவில்லை. இரண்டும் சேர்ந்தபோது அழுதார்கள். 1962-ல் ஷாக்டரும் சிங்கரும் இதையே கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்து பெயர் வாங்கிக்கொண்டார்கள். மரன்யோன் பெயர் தேர்வில் வராது.

ஜனவரி 26

"சரி, மூளையில் எங்கே என்றாவது சொல்லுங்கள்." சொல்கிறேன், ஆனால் அதுவும் நேர்க்கோடு இல்லை.

கேனன், மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்றார். அவர் மாணவர் ஃபிலிப் பார்ட் 1928-ல் பூனை மூளையை அடுக்கடுக்காக வெட்டிக்கொண்டே வந்து எந்த வெட்டில் சீற்றம் நிற்கிறது என்று பார்த்தார். தலாமஸுக்குக் கீழே இருக்கும் ஹைபோதலாமஸின் பின்பாதி இருக்கிறவரை சீற்றம் உண்டு, அதையும் எடுத்தால் துண்டு துணுக்குகள்தான் மிஞ்சும். அதாவது "கேனன்–பார்ட் தலாமஸ் கோட்பாடு" என்று நீங்கள் மனப்பாடம் செய்வதில் பார்ட்டின் கத்தி காட்டியது தலாமஸையே இல்லை! சூரிச்சில் வால்டர் ஹெஸ் விழித்திருக்கும் பூனையின் அதே பகுதியில் மின்முனை வைத்துத் தூண்டியபோது, பக்கத்தில் நிற்கிற ஆளைக் குறிவைத்தே பூனை பாய்ந்தது. போலி என்று சொல்வது அதன்பிறகு கஷ்டமாகிவிட்டது. 1949-ல் அவருக்கு நோபல்.

ஜனவரி 29

1937-ஐப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அந்த வருஷம் கார்னெலில் உடற்கூறு சொல்லிக்கொடுத்த ஜேம்ஸ் பாப்பெஸ் மூளைப் பகுதிகளை இணைத்து ஒரு வட்டம் வரைந்தார். ஹிப்போகேம்பஸிலிருந்து ஃபோர்னிக்ஸ் வழியாக மாமிலரி உறுப்பு, அங்கிருந்து முன் தலாமஸ், சிங்குலேட் மடிப்பு, திரும்ப ஹிப்போகேம்பஸ். இந்தச் சுற்றில் ஓடுவதே உணர்ச்சி. அவர் கையில் இருந்த ஆதாரங்களில் ஒன்று வெறிநாய்க்கடி. அந்த நோயில் இறந்தவர்களின் ஹிப்போகேம்பஸில்தான் அந்த நோயின் அடையாளமான நெக்ரி துகள்கள் நிறையத் தெரியும். நோயாளியோ சாகும்வரை மிரட்சியிலும் வெறியிலும் துடிப்பவர். நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளில் அந்தத் தனியறையைப் பார்த்தவர்களுக்கு, விசிறிக் காற்று பட்டாலே அவர்கள் படும் பாடு தெரியும். பாப்பெஸ் அந்த மிரட்சியிலிருந்து வரைபடத்துக்குப் போனார்.

அதே 1937-ல் சிகாகோவில் ஹைன்ரிஹ் க்ளூவரும் பால் பியூசியும் ரீசஸ் குரங்குகளின் பொட்டு மடல்களை, அதாவது மூளையின் பக்கவாட்டுப் பகுதிகளை, எடுத்துப் பார்த்ததை எழுதினார்கள். முதல் குரங்கின் பெயர் அரோரா, கிட்டப் போக முடியாத முரடு. அறுவைக்குப் பிறகு சாது. பாம்பைக் கையில் எடுக்கும், கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போட்டுப் பார்க்கும். 1888-லேயே லண்டனில் பிரவுனும் ஷேஃபரும் இதைப் பார்த்து எழுதியிருந்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1956-ல் வைஸ்கிராண்ட்ஸ் இந்த மாற்றங்களில் முக்கியமானவை பொட்டு மடலுக்குள் இருக்கும் அமிக்டலாவை எடுப்பதால் வருகின்றன என்று பிரித்துக் காட்டினார்.

அமிக்டலா பாப்பெஸ் வட்டத்தில் இல்லவே இல்லை. வட்டத்தில் இருந்த ஹிப்போகேம்பஸ், 1957-ல் ஸ்கோவிலும் மில்னரும் எழுதிய, அதை எடுத்தபின் புது நினைவு தங்காமல் போன நோயாளிக்குப் பிறகு, நினைவின் இடம் என்று ஆகிவிட்டது. மாமிலரி உறுப்பு கெட்டால் குடிநோயாளிக்குப் போவதும் நினைவுதான். உணர்ச்சிக்கென்று போட்ட ரோட்டில் ஞாபகம் பஸ் ஓட்டுகிறது. ஆனாலும் பாப்பெஸை நான் மதிக்கிறேன். தப்பு என்று நிரூபிக்கக்கூடிய அளவுக்குத் தெளிவாக வரைந்தவர் அவர்தான்.

ஜனவரி 30

மூளையின் உணர்ச்சிப் பகுதி என்று சொல்லப்படும் லிம்பிக் சிஸ்டம் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. பிரெஞ்சு மருத்துவர் ப்ரோகா 1878-ல் விளிம்பில் இருக்கும் மடல் என்று பெயர் மட்டும் வைத்தார், அவருக்கு அதில் உணர்ச்சி இல்லை. பால் மெக்லீன் 1949-ல் பாப்பெஸ் வட்டத்தோடு அமிக்டலாவையும் சேர்த்தார், 1952-ல் லிம்பிக் சிஸ்டம் என்றார். எது உள்ளே, எது வெளியே என்று அன்றிலிருந்து இன்றுவரை ஒரு ஒப்பந்தம் இல்லை. உள்ளே பல்லி மூளை இருக்கிறது என்று யூடியூபில் சொல்கிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, பல்லிக்குத்தான் அவமானம்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்ட மாணவருக்கு: தேர்வில் ஐந்து காரணத்தையும் வரிசையாக எழுதுங்கள், மார்க் வரும். ஆறாவதாக "கேனனின் ஆதாரங்கள் வெளிநடத்தையை அளந்தவை, ஜேம்ஸ் பேசியது அனுபவத்தை" என்று ஒரு வரி சேருங்கள். திருத்துகிறவர் நல்லவராக இருந்தால் அதற்கும் வரும்.

பிப்ரவரி 3

லாங்கேவை மட்டும் ஓரமாக விட்டுவிட்டீர்களே என்கிறார் ஒருவர். நியாயம். ரத்தக் குழாய் விஷயத்தில் அவர் தேறவில்லை. ஆனால் 1886-ல் அவர் இன்னொன்று எழுதினார், திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வைப் பற்றி. யூரிக் அமிலம் கூடுவதுதான் காரணம் என்று நம்பி, நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்தார். யூரிக் அமிலக் கணக்கு பொய்த்தது, மருந்தும் அதோடு மறந்துபோனது. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் மறுபடி லித்தியத்துக்கு வந்தபோது அவரும் யூரிக் அமிலத்தைத் துரத்திக்கொண்டுதான் வந்தார். அதன்பிறகு முறையான சோதனைகளை நடத்தி அதை நிலைநாட்டியவர் மோகன்ஸ் ஷோ. அவரும் லாங்கே மாதிரி டென்மார்க்காரர்தான்.